கிருமியின் உணர்வும் மனிதரின் மறதியும்

கல்லூரியின் விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருக எனப் பதிப்பாசிரியர் பணித்தபோது, பழைய மாணவர் பலரும் செய்வதுபோல விடுதி நினைவுகளை எழுதி அமைந்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆயினும், விஞ்ஞான ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் வழியே ஒரு துளிக் குளத்து நீரை முதன்முதலாகக் கண்ட நாள் மனத்தில் வந்து நின்றது. அந்தத் துளியினுள்ளே ஓடியும் நின்றும் திரும்பியும் திரிந்த உயிர்களைக் கண்டு, "இவற்றுக்கு எங்கே போகவேண்டுமென்று எப்படித் தெரியும்?" என்று வினவினேன். "நல்ல கேள்வி, விடையை நீயே தேடு" என்று சொல்லி ஆசிரியர் அப்பால் நகர்ந்துவிட்டார். பின்னர் மருத்துவனாகி, ஊவா மலைத் தோட்டங்களிற் சில காலம் பணிபுரிந்த பொழுதிற்றான் அந்தக் கேள்வி வெறும் வேடிக்கைக் கேள்வியன்று என்பதை உணர்ந்தேன். அதுபற்றியே ஈண்டு எழுதத் துணிகின்றேன்.

பதுளை மாவட்டத்திலே கொஸ்லாந்தைக்கு அணித்தாக உள்ளது மீரியபெத்த. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், தீபாவளி கழிந்து சரியாக ஏழாம் நாட் காலையில், அங்கே மலை சரிந்தது. லயன்களும் கோயிலும் கொழுந்தெடுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்த மக்களும் சேற்றினுள்ளே புதைந்தனர். காலையிலேயே பாடசாலைக்குச் சென்றுவிட்ட பிள்ளைகள் சிலர், திரும்பி வந்தபோது வீட்டையும் காணவில்லை, பெற்றோரையும் காணவில்லை. உயிர் தப்பியோர் பாடசாலை மண்டபங்களிலும், பின்னர் நெடுநாள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் ஒதுங்கியிருந்தனர். புதிய வீடுகள் அவர்கள் கைக்கு வந்தது 2016ஆம் ஆண்டிலேயேயாம்.

இத்தகைய முகாம் ஒன்றைக் காணும் எந்த மருத்துவனுக்கும் துயரத்தோடு அச்சமொன்றும் உடனெழும். நெருங்கிப் படுத்திருக்கும் மக்கள், கலங்கிய நீர், போதாத மலகூடங்கள், ஈரம் உலராத தரை ஆகிய இவை நமக்கு இடர். கிருமிக்கோ இவை அழைப்பு. மலை சரிந்த செய்தியை நாடு கேட்டு முடிக்குமுன்னரே கிருமி தன் சூழலின் மாற்றத்தை அறிந்து அதற்கேற்ப ஒழுகத் தொடங்கிவிடுகின்றது. எப்படி அறிகின்றது என்பதை முதலிற் காண்போம்.

பற்றீரியாவுக்குக் கண் இல்லை, செவி இல்லை, மூளை இல்லை. நம் குடலில் வாழும் சாதாரணமான ஒரு பற்றீரியாவின் நீளம், ஒரு மில்லிமீற்றரை ஐந்நூறு கூறாக்கினால் அதில் ஒரு கூறளவேயாம். இருந்தும் அது உணவிருக்கும் திசை நோக்கி நீந்துகின்றது. நஞ்சிருக்கும் திசையை விட்டு விலகுகின்றது. ஜெர்மானிய அறிஞர்களான எங்கெல்மன், பிபெபர் ஆகியோர் 1880களிலேயே இதனைக் கண்டனர். 1960களில் அமெரிக்க அறிஞர் யூலியஸ் அட்லர், கிருமியின் உடலில் இதற்கெனவே உணர்விகள் உள என்று காட்டினார். 1972இல் ஹவர்ட் பேர்க் என்பார், ஒற்றைக் கிருமியைத் தொடர்ந்து செல்லவல்ல நுணுக்குக்காட்டி ஒன்றை அமைத்து, அதன் நடையையே வரைந்து தந்தார்.

அந்த நடை வியப்புக்குரியது. கிருமி தன் சவுக்குமுளைகளை ஒன்றாகத் திரித்துச் சுழற்றிச் சிறிது தூரம் நேரே ஓடும்; பின் அவற்றைப் பிரித்துத் தடுமாறி வேறொரு திசைக்குத் திரும்பும்; மீண்டும் ஓடும். அதன் உடல் மிகச் சிறிதாகலின், தலைப்பக்கத்தில் உணவு அதிகமா வாற்பக்கத்தில் அதிகமா என்று ஒப்பிட்டறிவது அதற்குப் பயன்படாது. ஆகவே அது காலத்தை ஒப்பிடுகின்றது. "சில கணங்களுக்கு முன் இருந்ததைவிட இப்போது நிலைமை நன்றா, தீதா?" என்று அளக்கின்றது. நன்றாயின் ஓட்டத்தை நீட்டுகின்றது; தீதாயின் விரைவில் திசை மாறுகின்றது. மூளையில்லாத ஓருயிர் நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேற்றுமையை அறிந்து வழி திருத்திக்கொள்கின்றது என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். இக்கட்டுரையின் முடிவில் அதற்குப் பயன் உண்டு.

ஓடுவது மட்டுமன்று, கிருமி தன் தன்மையையே மாற்றிக்கொள்ளவும் வல்லது. அதன் மேற்சவ்வில் வாயிற்காவலர் போன்ற புரதங்கள் உள. புறத்தே வெப்பம், அமிலம், உப்பு, பித்தநீர் ஆகியவற்றில் மாற்றம் நேர்ந்தால் காவலன் உள்ளே நிற்கும் தூதனாகிய மற்றொரு புரதத்துக்கு அதனைத் தெரிவிக்கின்றான். தூதன் சென்று பரம்பரையலகுகளுள் வேண்டியவற்றை எழுப்பி, வேண்டாதவற்றை உறங்கச் செய்கின்றான். காவலன், தூதன், செயல் என்னும் இம்மூன்று கண்ணிகளும் அறாதிருக்கும் வரையிலேயே கிருமி பிழைக்கும். ஒன்று அறுந்தாலும் அது மாய்ந்துபோகும். அல்லது வலிமையற்று நம் உடலில் தங்கமாட்டாது ஒழியும்.

இனி, நம் மலைநாட்டு வரலாற்றோடு பின்னிய நோய்களை எடுத்துக்கொள்வோம். முதலில் வாந்திபேதி. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்ற நம் முன்னோருள் எத்தனையோ பேர் வழியிலேயே இந்நோயால் மாண்டனர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. பின்னாளில் மண்டபம் முகாமில் வருவோரைச் சில நாள் தடுத்து வைத்துச் சோதித்தனுப்பும் வழக்கமும் இந்நோயின் அச்சத்தாலேயே வலுப்பெற்றது.

அந்தக் கிருமியை 1884இல் கல்கத்தாவில் குளத்து நீரிலேயே றொபேட் கொக் கண்டறிந்தார். அது கொல்லும் முறையைக் காட்டியவர் அதே நகரத்து அறிஞர் சம்புநாத் தே ஆவர். கிருமியின் உடல் அன்று, அது சுரக்கும் நஞ்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகின்றது என்பதை 1959இல் அவர் நிறுவினார். ஆயினும் அக்கிருமி அந்நஞ்சை எப்போதும் சுரப்பதில்லை என்பதே நாம் கருதவேண்டியது. ஆற்றிலும் கடற்கழியிலும் அது நுண்ணிய நீர்ப்பூச்சிகளைப் பற்றிக்கொண்டு ஆரவாரமின்றி வாழ்கின்றது. மனிதர் அந்நீரைப் பருகினால், இரைப்பையின் அமிலத்தைத் தப்பிச் சிறுகுடலை அடைந்து, பித்தநீர் முதலியவற்றை உணர்ந்த பின்னரே, நஞ்சுக்கும் குடற்சுவரைப் பற்றும் மயிர்களுக்கும் உரிய பரம்பரையலகுகளை எழுப்புகின்றது.

இன்னும் வியப்பு, அது தன் இனத்தாரை எண்ணிப் பார்ப்பது. 1970இல் நீல்சன், ஹேஸ்டிங்ஸ் முதலிய அறிஞர், கடலில் ஒளிவிடும் ஒருவகைப் பற்றீரியா தனித்திருக்கும்போது ஒளிராது, கூட்டம் பெருகிய பின்னரே ஒளிர்வதைக் கண்டு அதன் காரணத்தை ஆராய்ந்தனர். ஒவ்வொரு கிருமியும் ஒரு பொருளைச் சிறிது சிறிதாக வெளியிடுகின்றது. அப்பொருள் சூழலிற் செறிந்தால் கூட்டம் பெருகிவிட்டது என்று பொருள். வாந்திபேதிக் கிருமியும் இவ்வாறே தம்முட் பேசிக்கொள்கின்றது என்பதை பொனி பாஸ்லர் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 2002ஆம் ஆண்டளவில் விளக்கினர். தொகை குறைவாக இருக்கும்போது அது குடலைப் பற்றி நஞ்சு சுரக்கும். தொகை மிகுந்தபின் நஞ்சையும் பற்றையும் விட்டு வெளியேற ஆயத்தமாகும். வெளியேறிய புதிதில் அடுத்தவரைத் தொற்றும் ஆற்றல் அதற்கு மிகுதி. ஒருவர் மலம் மற்றவர் குடிநீரில் விரைந்து சேரும் இடத்தில் இந்த ஏற்பாடு கிருமிக்கு எவ்வளவு வாய்ப்பானது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வாந்திபேதி இன்று நம் தீவிற் குடிகொண்டிருக்கவில்லை. நெருப்புக்காய்ச்சலோ அவ்வாறன்று. அதன் கிருமி மனிதரிடத்தன்றி வேறெங்கும் நிலைபெறுவதில்லை. குடலினுள் இருக்கும்போது ஒரு கோலம்; குடற்சுவரைத் துளைத்து உட்புகுந்ததும், அங்குள்ள உப்புச் செறிவின் வேற்றுமையை உணர்ந்து மறுகோலம். நம் காவற்கலங்களின் கண்ணுக்குப் புலப்படும் சவுக்குமுளைகளை உதிர்த்து, மேலே ஒரு போர்வையைப் போர்த்துக்கொள்கின்றது. அக்காவற்கலம் ஒன்று அதனை விழுங்கினாலோ, விழுங்கப்பட்ட அறையின் அமிலத்தையும் மகனீசியக் குறைவையும் உணர்ந்து, தான் எங்கே அகப்பட்டுள்ளது என்பதை அறிந்துகொள்கின்றது. கொல்லும் அறையையே குடியிருக்கும் அறையாக்கிவிடுகின்றது. இவ்வினத்துக் கிருமிகளுக்கு மகனீசியமே இத்தகைய அறிகுறியாதலை 1996இல் அறிஞர் கண்டனர். நோய் தீர்ந்த பின்னும் சிலர் பித்தப்பையிலே, பித்தக்கற்களின்மேற் படலமாய்ப் படிந்து, ஆண்டுக்கணக்காக அது தங்குவதுண்டு. நியூயோர்க்கில் மேரி மலன் என்னும் சமையற்காரி, தாம் நோயின்றியே பலருக்கு இந்நோயைப் பரப்பியவர் என்று 1907இற் கண்டறியப்பட்டது யாவரும் அறிந்த கதை.

எலிக்காய்ச்சலும் நம்மூர் நோயே. 2008ஆம் ஆண்டில் மட்டும் இத்தீவில் 7000க்கு மேற்பட்டோர் அந்நோயுற்றோராகக் கருதப்பட்டனர். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் வழியே ஈர மண்ணில் சேரும் அக்கிருமி, வெடித்த குதிகாலின் வழியே மனித உடலுட் புகுகின்றது. மழைநீரில் உப்பில்லை, குருதியில் உப்புண்டு. அவ்வேற்றுமையை நாவில் வைத்துப் பார்ப்பதுபோல் உணர்ந்தே, உடலைப் பற்றும் புரதங்களை அது ஆக்கத் தொடங்குகின்றது. காசநோய்க் கிருமியோ ஒட்சிசன் குறைந்த இடத்தை உணர்ந்து உறங்கிவிடும். பல்லாண்டுகள் கழித்து உடல் தளரும்போது விழித்தெழும். உறங்கும் கிருமியை மருந்துகள் எளிதிற் கொல்லா. காற்றுப் புகாத ஓர் அறையில் எட்டுப்பேர் உறங்கினால் அது ஒருவரோடு நில்லாமல் எல்லாரையும் சாரும்.

இவற்றையெல்லாம் விரித்துரைத்தது கிருமியின் புகழ் பாடுதற்கன்று. இவற்றிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. கிருமி நம் குலத்தைப் பார்ப்பதில்லை; தொழிலைப் பார்ப்பதில்லை; நம் சூழலைப் பார்க்கின்றது. அதனை எழுப்பும் அறிகுறிகளுட் சில நம் உடலினுள் உள்ளவை. அவற்றை மாற்ற நம்மால் இயலாது. ஆனால் அது உடலை வந்தடையும் வழிகளோ நீரும் நிலமும் வீடுமாகும். அவற்றை மாற்ற நம்மால் இயலும். "தோட்டத்து மக்களுக்குச் சுத்தம் போதாது, அதனால் நோய்" என்று கூறுவாரைப் படித்தவர் கூட்டங்களிலேயே கேட்டிருக்கின்றேன். பீலித் தண்ணீருக்கு மேற்புறத்தில் மலகூடத்தை அமைத்தவர் யார்? ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஓர் இஸ்தோப்பும் போதும் என்று அளந்தவர் யார்? அந்த அளவுக்குள்ளே பிறந்து வளர்ந்தவரைப் பார்த்து, காற்றோட்டமாக வாழுங்கள் என்று உபதேசிப்பது நகைப்புக்கிடமானது.

என் அனுபவம் ஒன்றைக் கூறுகின்றேன். பெயர் குறிக்க விரும்பாத ஒரு தோட்டத்தில், ஒரு சிறுமிக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது. மருந்து கொடுத்தோம், தேறினாள். சில மாதத்தில் அவள் தம்பிக்குக் கண்டது. முன் கொடுத்த மருந்து போதிய பயன் தராமையால் வேறு மருந்து கொடுத்தோம். பின்னர் அடுத்த லயனில் மற்றொரு பிள்ளைக்கு. மூன்றாம் முறை வந்தபோது அச்சிறுமியின் தாய் என்னை நோக்கி, "மருந்த மாத்திக்கிட்டே இருக்கீங்க ஐயா, தண்ணிய எப்ப மாத்துவீங்க?" என்றாள். யான் படித்த நூல்கள் அனைத்திலும் அதனினும் கூரிய கேள்வியைக் கண்டதில்லை. நுண்ணுயிர்கொல்லி மருந்தும் கிருமிக்கு ஒரு சூழல் மாற்றமே. அதையும் அது எதிர்கொள்கின்றது. எதிர்கொள்ள வல்லவை எஞ்சிப் பெருகுகின்றன. நீரை மாற்றாது மருந்தை மாற்றிக்கொண்டிருப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

கிருமிகளின் பேச்சைக் குழப்பும் புதிய மருந்துகளை இன்று ஆராய்ந்து வருகின்றனர். அம்முயற்சி வெல்க. ஆனால் அதற்காகக் காத்திராது செய்யத்தக்கவை பல உள. வங்காளதேசத்து மாத்லாப் பகுதியிலே, பழைய சேலைத் துணியைப் பல மடிப்பாக மடித்து அதன் வழியே நீரை வடித்துக் குடிக்குமாறு பெண்களுக்குக் கற்பித்தனர். கிருமி பற்றியிருக்கும் நீர்ப்பூச்சிகள் துணியில் தங்கிவிட்டன. வாந்திபேதி ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது என 2003இல் அறிவித்தனர். 1971இல் வங்காள அகதிகள் முகாமில் வைத்தியர் திலீப் மகாலநபீஸ், குருதி நாளத்தில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோனபோது, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்து நூற்றுக்கு முப்பதளவாயிருந்த சாவை நான்குக்கும் கீழாகக் குறைத்தார். துணியும் உப்பும் சர்க்கரையும் எத்தோட்டத்திலும் உண்டு. இல்லாதது, அறிந்ததைச் செயலாக்கும் ஒழுங்கேயாம்.

"தோட்டமெங்கும் குழாய் நீரும் தனி வீடும் கொடுக்கப் பணத்துக்கு எங்கே போவது?" என்பர் சிலர். நியாயமான கேள்வியே. ஆனால் கொடாமையாலும் செலவுண்டு. அதனைக் கணக்குப் புத்தகத்தில் எழுதாது விட்டோமேயன்றி, மருத்துவமனைக் கட்டிலிலும், வேலைக்குப் போகாத நாளிலும், பள்ளிக்கு வாராத பிள்ளையிலும், சிலபோது இடுகாட்டிலும் அதனைச் செலுத்திக்கொண்டுதான் இருக்கின்றோம்.

மீண்டும் மீரியபெத்தவுக்கு வருவோம். அந்த மலை திடீரென்று சினந்ததன்று. அங்கே குடியிருப்பது ஆபத்து என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தனர் என்பது பின்னர் வெளியாயிற்று. அதாவது, காவலன் உணர்ந்தான், தூதனும் ஓடினான், செயல் நிகழவில்லை. விலகிப் போங்கள் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டதென்று சிலர் கூறினர். போ என்பது எளிது. எங்கே போவது என்பதற்கன்றோ விடை வேண்டும்? வேலையும் வீடும் ஒரே கையில் இருக்க, சொந்த நிலம் ஒரு பேர்ச்சும் இல்லாத மனிதன், எச்சரிக்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மலையில் ஏறுவான்? 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோதும் பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. மீண்டும் மண்டபங்கள் நிறைந்தன. மீண்டும் அதே நீர், அதே நெருக்கம், அதே அச்சம்.

கண்ணும் மூளையுமற்ற கிருமி சில கணங்களுக்கு முந்திய நிலையை நினைவில் வைத்துத் தன் திசையைத் திருத்துகின்றது என்று முன்னர்க் கூறினேன். நமக்கோ மழைமானி உண்டு, நிலப்படம் உண்டு, ஆய்வுகூடம் உண்டு, திணைக்களங்கள் உண்டு. இருந்தும் ஒன்பது ஆண்டு முந்திய எச்சரிக்கையை நினைவில் வைத்துத் திசை திருத்த நம்மால் இயலவில்லை. அறிவுக்குறை இதற்குக் காரணமன்று. அறிந்தவர் ஓரிடத்திலும், ஆள்பவர் வேறிடத்திலும், அனுபவிப்பவர் மூன்றாமிடத்திலும் இருப்பதே காரணம். கிருமியில் உணர்பவனும் செய்பவனும் ஓருடல். தவறினால் அழிவதும் அவ்வுடலே. நம்மில் உணர்ந்தவன் உண்ண, செய்யவேண்டியவன் உறங்க, லயனில் உள்ளவன் சாகின்றான்.

ஆதலின், மாணவ நண்பர்காள், உங்களிடம் ஒன்று வேண்டுகின்றேன். உங்களுட் சிலர் மருத்துவராவீர்கள், சிலர் பொறியியலாளராவீர்கள், சிலர் நிருவாகப் பதவி ஏற்பீர்கள், சிலர் ஆசிரியராக மலைநாட்டுப் பாடசாலைகளுக்குச் செல்வீர்கள். எங்கே சென்றாலும் அந்த மூன்று கண்ணிகளுள் ஒன்றாய் இருப்பீர்கள். காவலனாயின் உள்ளதை உள்ளவாறு அளவிடுங்கள். தூதனாயின் அறிக்கையைக் கோவையில் இட்டுக் கட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணாதீர்கள். உரியவர் செவியில் ஏறும்வரை சொல்லுங்கள். செயலுக்குரியவனாயின், முதலில் அந்தப் பீலியடிக்குச் சென்று ஒருமுறை நின்று பாருங்கள். அங்கே குடத்தோடு நிற்கும் தாயைக் கேளுங்கள். கோவையில் இல்லாதது அவளிடத்தில் இருக்கும்.

அன்று ஆய்வுகூடத்தில் என் ஆசிரியர் விடை கூறாது சென்றது ஏன் என்பது இப்போது விளங்குகின்றது. தேடிப் பெற்ற விடையே நிலைக்கும். கிருமிக்கு எங்கே போகவேண்டுமென்று எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு ஓரளவு விடை பெற்றேன். மருந்தை மாற்றும் நாம் தண்ணீரை எப்போது மாற்றுவோம் என்ற கேள்விக்கு இன்னும் விடை கூறக் கடமைப்பட்டிருக்கின்றேன். நம் கல்லூரியிற் பயின்ற யாவரும் அவ்வாறே கடமைப்பட்டுள்ளோம்.